ஐ ஸ்விக்கி 18: மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் ஐ ஸ்விக்கி 18 என்ற குட்டி விண்மீன் மண்டலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட விஷயத்துக்குத் தமிழில் இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அது இப்போதுதான் பிறந்தது, பிரபஞ்சம் தோன்றியபோது இருந்த வாயு அங்கே அப்படியே இருக்கிறது என்று எழுதியிருப்பது சரியல்ல. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) என்னிடம் டியூஷன் படிக்கும் நான்காம் படிவப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

வயதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு 50 கோடி ஆண்டுகூட இருக்காது என்று 2004-ல் ஒரு கருத்து வந்தது. 2007-ல் ஹப்பிள் படங்களில் மங்கலான, வயதான சிவப்பு நட்சத்திரங்கள் அகப்பட்டன. 100 கோடி ஆண்டுக்கும் குறையாத வயது என்று தெரிந்தது.

வாயுதான் முக்கியம். அங்கே ஆக்சிஜன் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு, இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு ஒளிரும் வாயுவில் எடுத்தது. மண்டலத்தின் வாயுவில் பெரும்பகுதி ஒளிராத நடுநிலை ஹைட்ரஜன், அதாவது எலக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன். நான் செம்பனை எண்ணெய் ஆலையின் லேப்பில் வேலை பார்த்தவன். தொட்டியின் மேலாக ஒரு குவளை மொண்டு அமிலம் பார்த்துவிட்டு முழுத் தொட்டிக்கும் கையெழுத்துப் போடமாட்டோம். மேல், நடு, அடி மூன்றிலும் எடுப்போம்.

ஒளிராத வாயுவில் எப்படி மாதிரி எடுப்பது? 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை ஹைட்ரஜனின் அளவைத்தான் சொல்லும். மற்ற தனிமங்களுக்கு, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி அந்த வாயுவைக் கடந்து வரும்போது எந்தெந்த அலைநீளத்தில் குறைந்து இருண்ட கோடு விழுகிறது என்று பார்க்கவேண்டும். நம் காற்று மண்டலம் அந்த ஒளியை விடாது. ஆகவே 1999-ல் ஏவப்பட்ட ஃபியூஸ் செயற்கைக்கோள் மேலே இருந்து பார்த்தது. ஆக்சிஜன், நைட்ரஜன், சிலிக்கான், ஆர்கான், இரும்பு எல்லாம் அந்த நடுநிலை வாயுவில் பதிவாயின. ஆதி வாயுவில் இரும்பு ஏது? பழைய நட்சத்திரங்கள் சமைத்துக் கொட்டியது அது.

ஆக்சிஜனில்தான் சிக்கல். எலக்ட்ரானை இழக்க ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றல், 13.6 எலக்ட்ரான் வோல்ட். அதனால் ஹைட்ரஜன் நடுநிலையில் இருக்கும் இடத்தில் ஆக்சிஜனும் நடுநிலையில் இருக்கும், ஒப்பிட ஏற்றது. ஆனால் அதன் வலுவான கோடுகள் முழுக்க இருண்டுவிட்டால், மேலும் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் கோட்டின் ஆழம் மாறாது. இதனாலேயே அதே ஃபியூஸ் தரவுகளை வைத்து 2003-ல் ஒரு குழு நடுநிலை வாயுவில் ஆக்சிஜன் ஒளிரும் வாயுவைவிடக் குறைவு என்றது, 2004-ல் இன்னொரு குழு இரண்டும் சமம்தான் என்றது. 2009-ல் ஹப்பிளில் பொருத்திய புதிய புற ஊதாக் கருவியை வைத்து 2013-ல் வந்த ஆய்வும் குறைவு என்றே சொன்னது. ஆனால் பூஜ்யம் அல்ல. தூய ஆதி வாயு ஓரளவு அதில் கலந்திருக்கலாம் என்பதற்கும் அந்த ஆய்வு இடம் விட்டது.

விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கும் இந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதப்போகும் பிள்ளைக்கு இது புரியாது என்று நான் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடும்படி வேண்டிக்கொள்கிறேன். நடுநிலை வாயுவைப் பற்றித் தனிக் கட்டுரை வேண்டுமென்றால் எழுதித்தரத் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் ஆலை ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்.