டோமியே செதுக்கவில்லை, கல்லில் வரைந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஓனொரே டோமியே (1808–1879) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அரசரைப் படம் போட்டு அவர் சிறைக்குப் போன கதையை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் ‘செப்புத் தகட்டில் செதுக்கினார்’ என்று இரண்டு இடங்களில் வருகிறது. மர அச்சுக்காக வரைந்து கொடுத்தவற்றைத் தள்ளிவிட்டால், டோமியேயின் ஏறத்தாழ 4,000 பத்திரிகைப் படங்களும் கல்லச்சு, அதாவது லித்தோ. அதில் செதுக்கு வேலையே கிடையாது. சொல் பிழைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. அவருடைய வேகம், அந்தக் கரிய நிழல்கள், போலீஸ் ஏன் கல்லையே பறிமுதல் செய்தது என்பதெல்லாம் இந்தத் தொழிலைத் தெரிந்தால்தான் விளங்கும்.

கல் என்பது ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபென் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல். 12க்கு 15 அங்குலமும் 3 அங்குல கனமும் உள்ள கல்லே 20 கிலோவைத் தாண்டும். இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் மணலும் நீரும் விட்டு அரைப்பார்கள். முதலில் பருமணல், பிறகு நைஸ் மணல். மாற்றும்போது கல்லை முழுக்கக் கழுவ வேண்டும். ஒரே ஒரு பருமணல் தங்கினாலும் கீறல் விழும்; கரிய இடத்தில் அது வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். கனம் ஒரே சீராக இல்லாத கல் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் உடைந்துபோகும்.

வரைவதற்கு மெழுகு, கொழுப்பு, சோப்பு, புகைக்கரி கலந்த குச்சி. அச்சில் மை பிடிப்பது இந்தக் கொழுப்பைத்தான். ஆகவே விரல் பட்ட இடமும் வியர்வைத் துளியும்கூடப் படமாகிவிடும். கை படாமலிருக்கக் கல்லின் குறுக்கே ஒரு பலகையைப் பாலம்போல வைத்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றி வரைய வேண்டும். எல்லாமே கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாறி. வலது கையில் பேனா கொடுத்து வரைந்தால் அச்சில் அது இடது கைக்குப் போய்விடும். ‘h.D.’ என்ற கையெழுத்தையும் திருப்பித்தான் எழுத வேண்டும்.

பிறகு வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுக் கல்மேல் பூசுவார்கள். வரையாத இடம் தண்ணீரை ஏற்கும்படி ஆவது இதனால்தான். அமிலம் கூடினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் எரிந்துபோகும். குறைந்தால் நாலைந்து தாளிலேயே நிழல்கள் அடைத்துக் கரிப்பூச்சாகும். அடுத்து டர்பன்டைனால் துடைத்தால் படம் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர் பதறிப்போகும் இடம் இது. ஈரத்துணியால் நனைத்து மை உருளையை ஓட்டினால் படம் மறுபடி எழும். ஒவ்வொரு தாளுக்கும் நனைக்க வேண்டும், மை ஏற்ற வேண்டும். ஒரு மூலை காய்ந்தாலும் வெள்ளையில் மை ஒட்டும். நீரும் கொழுப்பும் ஒட்டாது என்ற இதே விதிதான் சிவகாசி ஆஃப்செட் இயந்திரங்களுக்குள்ளும் ஓடுகிறது.

செம்பில் செதுக்குவதற்கு நாள்கணக்கு ஆகும். கல்லில் குச்சி பிடித்தால் காகிதத்தில் வரையும் வேகத்திலேயே வேலை முடியும். நாளிதழுக்குக் கேலிச்சித்திரம் தர முடிந்ததே இதனால்தான். ஷார்ல் ஃபிலிபோன் 1832இல் தொடங்கிய ‘ஷரிவரி’ நான்கு பக்கத் தாள். படம் மூன்றாம் பக்கத்தில். ஈய எழுத்தையும் கல்லையும் ஒரே இயந்திரத்தில் அடிக்க முடியாது என்பதால் தாள் இரண்டு முறை இரண்டு இயந்திரங்களில் ஏறி இறங்கும்.

இனி வழக்குகள். 1831 டிசம்பரில் வந்த ‘கர்கந்துவா’ என்ற படத்தில் அரசர் லூயி ஃபிலிப் பெருந்தீனிக்காரனாக உட்கார்ந்திருக்கிறார், ஏழைகளின் காசு கூடைகூடையாகப் பலகை வழியே அவர் வாய்க்குள் போகிறது. தண்டனை ஆறு மாதம், 500 ஃபிராங்க். பத்திரிகைக்கு விழுந்த அபராதங்களைக் கட்டவே ஃபிலிபோன் மாதாந்திரச் சந்தாத் திட்டம் ஒன்று நடத்தினார்: பெரிய கல், நல்ல தாள், மாதம் ஒரு படம், மொத்தம் 24. அதில் கடைசிப் படம்தான் ‘திரான்ஸ்நொனேன் தெரு, 15 ஏப்ரல் 1834’. படைவீரர்கள் வீடு புகுந்து சுட்டுவிட்டுப் போன பிறகான காட்சி. இரவு அங்கியோடு ஒருவர் விழுந்து கிடக்கிறார், அவருக்கு அடியில் ஒரு குழந்தை. அந்த அங்கியின் வெண்மை ஏறக்குறைய குச்சி படாத வெறுங்கல். இதில் கேலி ஒன்றுமே இல்லை. அவர் செய்ததில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். அதிகாரிகள் கிடைத்த பிரதிகளோடு கல்லையும் கைப்பற்றினார்கள். பிரதியை எரித்தால் இன்னொன்று அடிக்கலாம், கல் போனால் படம் போயிற்று.

1835 செப்டம்பர் சட்டங்கள் பத்திரிகை எழுத்துக்குக் கேட்காத முன் அனுமதியைப் படத்துக்குக் கேட்டன. எது அதிகம் வலித்தது என்று இதிலேயே தெரிகிறது! அதன்பின் அவர் வழக்கறிஞர், வீட்டுக்காரர், பங்குச்சந்தைப் புரட்டர் பக்கம் திரும்பினார். மோசடிக்காரன் ரொபேர் மக்கேர் படங்கள் 1836 முதல் 1838 வரை நூறு வந்தன. கட்டுரை மெச்சிய அந்த ‘நறுக்குத் தெறித்த வசனங்கள்’ ஃபிலிபோன் எழுதியவை. மற்ற படங்களிலும் அடிக்குறிப்பு பெரும்பாலும் பத்திரிகை ஆட்களின் வேலை. வசனம் இல்லாமலே படம் புரிய வேண்டும் என்பதே டோமியேயின் எண்ணம்.

அவர் வெண்கலச் சிலைகள் வார்த்தார் என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. நினைவிலிருந்தே வரைகிறவர் அவர். 1832 வாக்கில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலைகளைச் சுடாத களிமண்ணில் சிறிதாகப் பிடித்து வண்ணம் பூசினார். மூக்கையும் தாடையையும் கையால் பிசைந்து பார்த்துவிட்டால், எந்தக் கோணத்திலிருந்தும் அதே ஆளை மறுபடி போடலாம். மிஞ்சிய 36 தலைகள் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெண்கலப் பிரதிகள் அவர் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து மற்றவர்கள் வார்த்தவை.

கற்கள் எங்கே என்று கேட்டால், அச்சிட்டு முடிந்ததும் மறுபடி மணல் போட்டு அரைத்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொழுப்பு ஆழம் போயிருக்கும், சரியாக அரைக்காவிட்டால் பழைய படத்தின் ஆவி புதியதில் எழும். 1870 வாக்கில் படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி எழுத்தோடு சேர்த்தே அடிக்கும் முறை வந்தது. செலவு குறைந்தது, சாம்பல் நிறங்களும் தொலைந்தன. அவருடைய கடைசிப் படங்கள் முரடாகத் தெரிவதற்குப் பார்வை மங்கியது மட்டும் காரணமல்ல.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான மக்கேர் படத்தின் கீழே ‘காலத்தின் கறை படிந்த பிரதி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது கறை அல்ல. மெல்லிய தாளின் மறுபுறம், நான்காம் பக்கத்தில் அடித்த ஈய எழுத்துகள் ஊடே தெரிகின்றன.

இப்படிக்கு,
அச்சுக்கலை வாசகர் ஒருவர்,
சிவகாசி