கோய்டர் கோட்டருகே சரியும் வீடுகள்: ஒரு திறந்த மடல்

தென் ஆஸ்திரேலிய மரபுரிமை மன்ற உறுப்பினர்களுக்கும் கோய்டர் வட்டார உள்ளாட்சி மன்றத்தாருக்கும்,

வணக்கம். பழைய தாமிரச் சுரங்க ஊரான பர்ராவுக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடக்கும் கல் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இந்த மடலின் ஆங்கில நகல் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. அடிலெய்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் கடற்கரை, பரோசா என்று சுற்றிக்காட்டுவார்கள். வடக்கே 160 கிலோமீட்டர் வண்டி ஓட்டி பர்ராவுக்குப் போகிறவர்கள் குறைவு. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

முதலில் ஒரு சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்ராவில் பணம் கட்டினால் ஒரு சாவி தருகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள பழைய இடங்களின் பூட்டுகளை அந்த ஒரே சாவி திறக்கும். காவலாளி கூட வரமாட்டார். நாமே திறந்து, பார்த்து, நாமே பூட்டிவிட்டு வரவேண்டியதுதான். 1856இல் கட்டிய ரெட்ரூத் சிறைக்குள் நுழைந்ததும் என் மகள் கேட்டாள்: “அப்பா, வெளியே யாராவது பூட்டிட்டா?” சாவியைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பழைய கட்டடத்தைப் பார்க்க வருகிறவனை இவ்வளவு நம்பும் ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1845இல் அங்கே தாமிரம் கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். வீடு போதாமல் ஓடைக்கரையின் மண்ணைக் குடைந்து அதற்குள் குடும்பம் நடத்தினார்கள். 1851இல் சுமார் 1,800 பேர் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த வளைகளில் இரண்டு இன்றும் இருக்கின்றன, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். 1877இல் சுரங்கம் மூடப்பட்டது. இயந்திரக் கூடம், வெடிமருந்துக் கிடங்கு, பாக்ஸ்டன் சதுக்கத்தின் வரிசை வீடுகள் எல்லாம் நிலைத்தன. 2017இல் இன்னொரு தாமிரச் சுரங்க ஊரான மூண்டாவோடு சேர்த்து பர்ராவும் தேசிய மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் எழுத வந்தது ஊரைத் தாண்டியபின் வரும் வீடுகளைப் பற்றி.

சுரங்கம் மூடிய பிறகு இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டவை ஆடும் கோதுமையும்தான். பர்ராவிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் போனால் வயல்களுக்கு நடுவே கூரையில்லாத கல் வீடுகள் தெரியும். இரண்டு அறை, ஒரு புகைபோக்கி, பக்கத்தில் வறண்ட மழைநீர்த் தொட்டி. நெடுஞ்சாலையோரம் ஒன்று இருக்கிறது. 1987இல் ஒரு ராக் இசைக்குழுவின் ஆல்பம் அட்டையில் வந்ததால் அதற்கு மட்டும் பேர். அதன் முன் வண்டியை நிறுத்திப் படமெடுக்காதவர்கள் இல்லை. மற்ற வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உங்கள் மன்றம் எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவரிடமிருந்துதான் இந்த வீடுகளின் கதை தொடங்குகிறது. 1865இல் பெரும் வறட்சி. தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையேறி வறட்சி எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துவரக் கிளம்பினார். எங்கே வறண்ட நிலத்து உப்புப்புதர் தொடங்குகிறது, எங்கே செடிகொடி மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம், வடக்கே மழையை நம்பாதே, மேய்ச்சலோடு நிறுத்திக்கொள். அவ்வளவுதான் அந்தக் கோடு சொன்னது. அது பர்ராவை ஒட்டிப் போகிறது.

அப்புறம் 1870களில் சில வருடம் நல்ல மழை. கோய்டரைக் கேலி செய்தார்கள். உழவுக்குப் பின்னாலேயே மழை வரும், நிலத்தைக் கீறினால் வானம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. கோட்டைக் காட்டி நில விற்பனையைத் தடுத்த சட்டம் 1874இல் தளர்ந்தது. கடனுக்கு நிலம் வாங்கிக் கோட்டுக்கு அப்பால் போனார்கள், கல் சுமந்து வீடு கட்டினார்கள். 1880களில் வறட்சி திரும்பி வந்தது. கடன்காரர்களாக ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப் போனார்கள். வீட்டைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? இன்று நிற்கும் சுவர்களில் பல அப்படி விட்டுப்போனவை.

சுரங்கத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தச் சுவர்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சுரங்கம் இந்த மாநிலம் எப்படிப் பிழைத்தது என்று காட்டுகிறது. இந்த வீடுகள் எங்கே கணக்குத் தப்பியது என்று காட்டுகின்றன. கோய்டரின் கோடு மண்ணில் கண்ணுக்குத் தெரியாது. இந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் தெரியும். மழை குறைந்துவரும் காலத்தில் எந்த நிலத்தில் எதை விதைப்பது என்று பேசும்போது கையில் இருக்கும் ஆதாரம் இதுதான். அதைப் போய்ப் புல் முளைக்க விடலாமா?

புதுப்பிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூரை போட்டு, வெள்ளையடித்து, ஜன்னலில் பூந்தொட்டி வைத்தால் அது தங்கும் விடுதியாகிவிடும், கைவிடப்பட்ட வீடாக இருக்காது. எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் மாற்று, முடிந்தவரை குறைவாக மாற்று என்ற கொள்கை எங்கிருந்து வந்தது? 1979இல் இதே பர்ராவில் கூடித்தானே ஆஸ்திரேலியாவின் மரபுரிமைப் பாதுகாப்புக்கான பர்ரா சாசனத்தை ஏற்றுக்கொண்டார்கள். இந்த நாட்டில் பழைய கட்டடத்தில் கைவைக்கும் எந்த நிபுணரும் முதலில் புரட்டுவது அதைத்தான். அந்தச் சாசனம் பிறந்த ஊரின் சுற்றுவட்டாரத்திலேயே அதை எளிய வீடுகளுக்கும் பயன்படுத்திப் பார்க்கலாமே.

என் தொழில் கட்டடப் பொறியியல். என் அப்பா கொத்தனார். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகளில் பலவற்றின் கற்களைப் பிடித்து வைத்திருப்பது களிமண், அதிகம் போனால் சுண்ணாம்புச் சாந்து. கூரைத் தகடு இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. தகடு காற்றில் பறந்தாலோ வேறு கொட்டகைக்குக் கழற்றிப் போனாலோ, மழைநீர் சுவரின் தலைவழியாக இறங்கி உள்ளே இருக்கும் மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். வெளியே கல் அப்படியே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருநாள் ஆடு முதுகைத் தேய்த்தாலும் சரியும். அடியிலிருந்து இன்னொரு எதிரி ஏறிவரும்: தரையின் ஈரம் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலேறி, காயும்போது கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். இங்கே ‘சால்ட் டேம்ப்’ என்பார்கள். எங்கள் ஊரில் சுவர் பொரிகிறது என்போம்.

இதற்கு நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அப்பா சொல்வார், சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் மூக்கைப் பொத்தும். சிமெண்ட் பூசியதும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது, பத்து வருடத்தில் கல் போய் சிமெண்ட் மட்டும் மிஞ்சும். வேண்டியது பெரிய செலவில்லை. சுவரின் தலையில் சுண்ணாம்புச் சாந்தால் ஒரு மூடாப்பு, ஆடு மாடு அண்டாமல் சுற்றி ஒரு வேலி, கதவு ஜன்னல்களின் மேல்விட்டத்துக்கு ஒரு முட்டு.

அதற்கு முன் ஒரு வேலை: எதையும் காப்பாற்றுவதோ விடுவதோ முடிவாகும் முன்பே, எல்லாவற்றையும் அளந்து படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். எல்லா வீட்டையும் தாங்கிப் பிடிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். சில விழத்தான் செய்யும். ஆனால் விழுந்தபின் அங்கே ஒரு வீடு இருந்தது என்றாவது எழுதியிருக்க வேண்டும்.

நிலத்துக்காரர்களைப் பகைத்துக்கொண்டு இது நடக்காது. பட்டியலில் ஏறினால் ஆணியடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு. படமெடுக்க வந்தவர் தலையில் கல் விழுந்தால் யார் பொறுப்பு என்ற கவலை வேறு. இரண்டுமே நியாயமானவை. உத்தரவு அனுப்புவதற்கு முன் வேலிக் கம்பியும் சுண்ணாம்பும் அனுப்பிப் பாருங்கள். அப்புறம் அந்தச் சாவியை ஊருக்கு வெளியேயும் கொண்டுவரலாம். சம்மதிக்கும் இரண்டு மூன்று பண்ணைகளின் வேலிக்கதவில் அதே பூட்டைப் போட்டால் போதும்.

பலகை வைத்தால், ‘முன்னோடிகளின் வீரம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தவறாகப் போன கணக்கையும் எழுதுங்கள். இது பூர்வகுடிகளான ஙாஜுரி மக்களின் நிலம் என்பதையும் எழுதுங்கள், என்ன எழுதுவது என்று அவர்களைக் கேட்டே எழுதுங்கள்.

நான் அடிக்கடி போய்ப் பார்க்கும் ஒரு வீட்டில் போன குளிர்காலத்துக்குள் பின்சுவர் விழுந்துவிட்டது. புகைபோக்கி இன்னும் நிற்கிறது. உள்ளே அடுப்பு மேடையில் யாரோ ஒருகாலத்தில் பூசிய நீலச் சுண்ணாம்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஜூன் மழை பிடிக்கும் முன் யாராவது அளவுநாடாவோடு வருவதாக இருந்தால் சொல்லுங்கள். வழி காட்ட நான் வருகிறேன். வேலிக்கதவைத் திறந்துவிடுவதாக நிலத்துக்காரரும் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அடிலெய்டிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்