காப்பித்தூள் விலை ஏறுகிறது: பண்ணைக்காட்டுக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் தை முதல் தேதியிலிருந்து நம் காப்பித்தூள் கிலோவுக்கு 60 ரூபாய் ஏறுகிறது. அதில் 40 ரூபாய் கடைக்கு வராது. அது எங்கே போகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி மல்லிகை போலப் பூத்துவிடும். அப்புறம் சில வாரத்தில் இன்னொரு மழை; அது வந்தால்தான் காய் நிற்கும். இந்த இரண்டு மழையை நம்பித்தான் எங்களுக்குப் பழம் தரும் குடும்பங்கள் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துப் பிழைக்கின்றன. இப்போது பூ மழை தள்ளிப் போகிறது. வேண்டாத மழையோ, பழத்தைக் களத்தில் காயப்போட்டிருக்கும் மார்கழியில் கொட்டுகிறது. வெயில் கூடினால் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் வண்டும் கூடும். அது புகுந்த அரபிகா வகைக் காப்பிச் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை வரை ஏறி வந்து மரங்களைச் சாய்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நிழல் மரம் மறுபடி நிழல் தர எத்தனை வருடம்!

"உலகச் சந்தையில்தான் விலை உச்சத்தில் இருக்கிறதே, விவசாயிக்கு லாபம்தானே?" என்று சிலர் கேட்டீர்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது உண்மை. பிரேசில் வறட்சி அதற்கு முக்கியக் காரணம். ஆனால் செடியில் பழம் நிற்பவருக்குத்தான் அந்த விலை.

மழையைப் பருவம் தப்ப வைக்கும் இந்தப் புவிச் சூட்டை எங்கள் விவசாயிகள் உண்டாக்கவில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை உலகம் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவல்ல என்று 1992-லேயே நாடுகள் ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டன. இந்தச் சூட்டைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் சொன்ன வாக்கு 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் அரசுகள் வழியே வந்த பணத்தில் பெரும்பகுதி கடன். அடுத்தவன் வீட்டை இடித்துவிட்டு, கட்டிக்கொள்ள வட்டிக்குப் பணம் தருவது எந்த ஊர் நியாயம்?

இதை யோசித்தபோதுதான் எங்கள் கணக்கு நோட்டும் கண்ணில் பட்டது. விளைச்சல் போன வருடங்களில் நாங்களும் முன்பணம்தான் கொடுத்தோம். அடுத்த வருடப் பழத்தில் கழித்தோம். அடுத்த வருடமும் மழை ஏமாற்றினால் பாக்கி ஏறியது. ஒரு பெரியவர் மூன்று வருடப் பாக்கிக்குப் பயந்து கடைப் பக்கமே வராமல் இருந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

பழைய பாக்கி முழுவதையும் அடித்துவிட்டோம். கிலோவுக்கு 40 ரூபாயைத் தனி நோட்டில் சேர்ப்போம். பூ மழை தவறியவருக்கும் களத்தில் பழம் நனைந்தவருக்கும் அதிலிருந்து கொடுப்போம். திருப்பிக் கேட்க மாட்டோம். நிழல் மரக் கன்றுக்கும் அதுதான். மீதி 20 ரூபாய் வறுக்கும் செலவுக்கும் பறிப்புக் கூலிக்கும்.

நோட்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். மிளகு, மலைப்பூண்டு விலையில் மாற்றமில்லை. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைக்கே தூள் வந்து சேரும்.

அன்புடன்,
கடையிலிருந்து