கிழக்குச் சுவர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். போனில் கூப்பிட்டால் "வரைபட ஷீட் முடிக்க வேண்டும், அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வராமலே மூன்று வாரம் ஆகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. அப்பத்தா வழக்கம்போல.

காலையில் சாப்பிடுகிறாயா? வரைந்ததை ஆசிரியர்கள் முன்னால் வைத்துப் பதில் சொல்லும் ஜூரி நாளில்தான் பட்டினி கிடப்பாய், எனக்குத் தெரியும். மாடலுக்கு அட்டை வெட்டும்போது கத்தியை உன் பக்கம் இழுக்காதே. இரும்பு ஸ்கேலுக்கு உள்பக்கமாக விரலை வை. தூக்கம் வந்துவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிடு. சாரத்தில் நிற்பவனுக்கும் இதுதான் விதி.

மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையை முடித்துவிட்டேன். நீ சொன்ன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரின் எலிப்பொறிக் கட்டு முறையில்தான் கட்டினேன். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பினால் கால்வாசிச் செங்கல் மிச்சம் என்று நீ சொன்னபோது சிரித்தேன் அல்லவா? ஒரு வரிசையை எண்ணிப் பார்த்தேன், நீ சொன்னது ஏறக்குறைய சரி. சித்தாள்கள்தான் "சுவருக்குள் ஓட்டையா" என்று முனகினார்கள். "என் மகள் படித்துச் சொன்னது" என்றேன். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மழை விட்டதிலிருந்து கானாடுகாத்தானுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். ஆளுக்கு ஒரு டேப், ஒரு அட்டை, ஒரு பென்சில். பழைய செட்டிநாட்டு வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைகிறார்கள். வெயிலில் தலைக்கு ஒரு துண்டுகூட இல்லை. தண்ணீராவது குடிக்கிறார்களா என்று தெரியவில்லை. நம் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஒரு வார்த்தை சொன்னால் அம்மா இருபது பேருக்கும் சோறு ஆக்கியிருப்பாள். யாருடைய பிள்ளைகளாக இருந்தால் என்ன.

பெரிய சித்தப்பா, வீட்டு விசேஷப் பத்திரிகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் இப்போதே ஆர்க்கிடெக்ட் என்று போடலாமா என்று கேட்டார். ஐந்து வருடப் படிப்பை முடித்து ஆர்க்கிடெக்ட் கவுன்சிலில் பதிந்த பிறகுதான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம், 1972-லேயே சட்டம் வந்துவிட்டது என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் எத்தனை நாள் நின்றேன் என்று சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நின்றேன். அந்த நாட்களில் கூலியும் இல்லை.

சாப்பிடு. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்காதே.

வடக்கு வீதி ஆச்சி வீட்டுக்கும் வந்தார்களாம். காவல்காரர் சொன்னார். இரண்டு நாள் அளந்தார்களாம். கூட வந்த ஆசிரியர், வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கும் கிழக்குச் சுவருக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திவைத்து வெகுநேரம் பேசினாராம். உதிர்ந்து கிடந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்துக் காட்டி, பழைய வீட்டில் கை வைக்கத் தெரியாதவன் செய்த வேலை இது என்றாராம். அதை யார் பூசியது என்று காவல்காரருக்குத் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னார். பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் நோட்டை மூடிவிட்டு முகப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆசிரியர் சொன்னதில் ஒன்றுதான் தவறு. எனக்குத் தெரியாமல் இல்லை.

2001-இல் அந்த வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். நாற்பது நாளில் சுவர் வெள்ளையாக வேண்டும் என்றார்கள். சுண்ணாம்பை நீர்த்து ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு கை காய்ந்த பிறகு அடுத்த கை என்று பூசி, கடைசியில் முட்டை வெண்கரு சேர்த்த பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து எடுப்பதற்கு நாற்பது நாள் எந்த மூலைக்கு? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை வேறு மேஸ்திரிக்குப் போய்விடும். அதுதான் என் முதல் தனி ஒப்பந்தம். பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினேன். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு வழியாக அதை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிட்டுச் செங்கல்லையும் அரித்துத் தின்னும். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐயா சொல்லியிருந்தார். நான் கொத்தி எடுத்தது அவருடைய அப்பா கை வைத்த பூச்சு.

வேலை முடிந்த அன்று ஐயா பார்க்க வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். ரசமட்டம் போட்டுப் பாருங்கள், ஒரு நூல்கூடப் பிசகு இருக்காது என்றேன். ஒன்றும் சொல்லாமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பணத்தில்தான் நம் வீட்டுக்குத் தளம் போட்டேன். நீ படித்ததும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான்.

நீ அந்தப் படிப்பில் சேர்ந்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பெருமையை ஊர் முழுக்கச் சொன்னேன். பயம் என்றைக்காவது உன்னை அந்த வீட்டுக்குள் கூட்டிப்போய் நிறுத்துவார்களே என்பது. இத்தனை வருடத்தில் நானே உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். பத்து நிமிட வழி. கூட்டிப்போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். சாமி அறைக் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்தால் அது ஒரு முழ அகலத்தை மறைக்கும். அந்த இடத்தை நான் கொத்தவில்லை. கொத்த மனம் வரவில்லை என்று இப்போது சொல்லலாம், அன்று எதனால் விட்டேன் என்று நினைவில்லை. அங்கே கை வைத்தால் இன்றும் சில்லென்று இருக்கும், முகம்கூடத் தெரியும். பகலில் அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்பதால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் ஷீட்டில் அந்த ஒரு முழம் வந்திருக்கிறதா? வராவிட்டால் சொல். காவல்காரரிடம் சாவி இருக்கிறது. டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நீ ஊருக்குள் வந்து போனதும் தெரியாது. அவளிடம் பேசும்போது கால் வீக்கத்தைப் பற்றி மட்டும் கேள்.

சாப்பிடு.

அப்பா