எந்தக் கிணறு சூடு கூட?

திருகோணமலை,
பங்குனிக் கடைசி.

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் போன கிழமை கிடைத்தன. எல்லோரும் ஃபோனில் அனுப்பும் காலத்தில் நீ படங்களைக் கழுவித் தபாலில் அனுப்பியிருக்கிறாய். மேசைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டி, இது என் சிநேகிதன் பார்த்த இடம் என்று சொல்லியும் விட்டேன்.

எல்லாவற்றிலும் மெக்சிகோவின் அந்த யுகட்டான் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காட்டுக்கு நடுவே தரை வட்டமாக இடிந்து விழுந்து, அடியில் நீலமாகத் தண்ணீர். செனோட்டே என்று பெயர் எழுதியிருந்தாய். உன் மகன் காற்றுச் சிலிண்டரோடு இறங்கியபோது, ஓர் ஆழத்தில் தண்ணீர் எண்ணெய் கலந்த மாதிரி மங்கி, அதற்குக் கீழே திரும்பத் தெளிந்ததாமே. வாசித்ததும் எனக்கு நிலாவரைதான் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் யாழ்ப்பாணம் போனோமே, புத்தூர்ப் பக்கம் அந்த அடியில்லாக் கிணறு. நீ எட்டிப் பார்க்க, வாத்தியார் உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று அவர் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. இராமர் அம்பு விட்ட இடம் என்ற கதையே போதுமாக இருந்தது.

இரண்டும் ஒரே வேலைதான் மச்சான். யாழ்ப்பாணமும் யுகட்டானும் சுண்ணாம்புக் கல் தரை. மழைத் தண்ணீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே குகை ஆக்கும். ஒரு நாள் கூரை விழுந்தால் கிணறு. கடல் தண்ணீர் கனம் கூடியது, அடியில் கிடக்கும். நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கும். உன் மகன் கண்ட மங்கல் இரண்டும் சந்திக்கிற இடம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்று கணக்கு. அந்த ஓர் அடியைப் பம்பு வைத்து இறைத்துவிட்டால் கீழே நாற்பது அடி போய்விடும். யாழ்ப்பாணத்தில் கிணறுகள் உவராகிற கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அங்கே பெரிய ஆறு இல்லை. தண்ணீர் என்றால் அந்தக் கல்லுக்குள் இருப்பதுதான்.

யுகட்டானில் இன்னொன்று இருக்கிறது, நீ எழுதவில்லை. சுமார் 6 கோடி 60 இலட்சம் வருஷத்துக்கு முன் விழுந்த விண்கல், டைனோசர்களை முடித்ததே, அதன் பள்ளம் அங்கேதான் புதைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலம். அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி செனோட்டேக்கள் வளையமாக நிற்கின்றன. பாதி வளையம் தரையில், மீதிப் பள்ளம் கடலுக்கு அடியில். நீ குளித்த கிணறு அந்த வளையத்தைச் சேர்ந்ததா என்று வரைபடத்தில் பார்த்து எழுது.

மெக்சிகோவிலேயே இருக்கும் நைகா சுரங்கக் குகையைப் பார்க்க முடியாமல் போனது என்று வருத்தப்பட்டிருந்தாய். எனக்கு அதில் சந்தோஷம், கோபிக்காதே. 2000ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர்கள் அதற்குள் நுழைந்தபோது பதினொரு மீற்றர் நீளப் பளிங்குத் தூண்கள் கிடந்தன, எல்லாம் ஜிப்சம். அடியில் இருக்கும் எரிகுழம்பின் சூட்டில், 58 பாகை வெந்நீருக்குள் இலட்சக்கணக்கான வருஷம் மூழ்கிக் கிடந்து வளர்ந்தவை. சுரங்கத்துக்காகத் தண்ணீரை இறைத்ததால்தான் வெளியே தெரிந்தன. பம்புகளை நிறுத்திய பிறகு தண்ணீர் திரும்ப ஏறிவிட்டது. இனி யாரும் பார்க்க முடியாது. ஆனால் அவை தங்கள் வீட்டுக்குப் போய்விட்டன, திரும்ப வளரலாம்.

வெந்நீர் என்றதும் ஞாபகம் வருவது நம்முடைய கன்னியா, அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள். போன மாதம் பெரியம்மாவின் அந்தியேட்டிக்காக அங்கே போயிருந்தேன். தாய்க்குக் கடன் செய்ய இராவணன் தரையில் ஏழு இடம் குத்திய கதையை என் பேரனுக்குச் சொன்னேன். அவன் உடனே, அப்படியென்றால் இங்கே எரிமலை எங்கே என்று கேட்டான். நாங்கள் அந்த வயதில் கேட்காததை அவன் கேட்டுவிட்டான்! இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் மிக ஆழம் இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கினால் பூமி இருபத்தைந்து முப்பது பாகை சூடாகும். அங்கே காய்ந்த தண்ணீர் வேறு வெடிப்பு வழியாக ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கன்னியா, மகா ஓயா, தெற்கே மகாபெலஸ்ஸ என்று வெந்நீர் ஊற்றுகள் நாட்டின் கிழக்குப் பக்கமாக ஒரு பட்டையில் வருவதும் அதனால்தான். இரண்டு பழைய பாறைக் கூட்டங்கள் ஒட்டுகிற இடம் அது. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகும் பேரன் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

இங்கே மற்றப் புதினம் அதிகமில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. கோட்டைக்குள் மான்கள் பெருகிவிட்டன, காலையில் ரோட்டில் படுத்திருக்கின்றன. கடலுக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பி போன கிழமை நீலத் திமிங்கிலம் கண்டதாகச் சொன்னான். வள்ளத்துக்கு அருகே மூச்சு விட்டதாம், வள்ளம் முழுக்க மீன் நாற்றமாம். துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கடல் வரைபடம் பார்த்து நான் வியந்தது இதைத்தான். கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலுக்கு அடியில் ஓடுகிறது. பாகம் பாகமாக இறங்காமல், கரை தெரிகிற தூரத்திலேயே சடாரென்று விழுந்துவிடும். நடுக்கடலில் போய்த் தேட வேண்டிய திமிங்கிலம் கோணேசர் மலை அருகே வருவதற்கு அந்த ஆழந்தான் காரணம். இன்னொரு வியப்பு, மற்றக் கடல்களில் இவை இரை தேடித் துருவப் பக்கம் போய் வரும். நம்முடையவை இந்தச் சூடான கடலிலேயே தங்கிவிடுகின்றன.

வைகாசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். கச்சான் காற்று பலமாவதற்கு முன் வந்துவிடு, தம்பி வள்ளத்தில் கூட்டிப் போவான். வரும்போது ஒரு நல்ல வெப்பமானி கொண்டுவா. கன்னியாவில் கோயில் பக்கத்துக் கிணறுதான் சூடு கூட என்று நீ சொல்வாய், கடைசிக் கிணறு என்று நான் சொல்வேன், அடிபிடி வரை போனோமே. ஏழையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிடுவோம்.

உன் மச்சான்