மாலை கழற்றிய பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் குடிக்காமல் இருந்துவிட்டு, மலையிலிருந்து திரும்பிய கையோடு டாஸ்மாக் வாசலில் நிற்கிறவர்களைக் கிண்டல் செய்து போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எல்லாம் வேஷம் என்று முடித்திருந்தார். அவர் கோபம் புரிகிறது, வேலூரில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்? ஆனால் வேஷம் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயோ பாதிப்போ வந்தவர்களை அன்றாட வேலைகளுக்கும் வாழ்க்கைக்கும் மறுபடி பழக்கும் சிகிச்சை, படித்துவிட்டு இப்போதுதான் வேலைக்கு வந்திருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் மாமா வருஷா வருஷம் மாலை போடுகிறவர், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

மாலை போட்ட நாளிலிருந்து மாமாவின் நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், வேலை முடிந்து வந்ததும் மறுபடி குளியல், விளக்கு, சரணம், அப்புறம் யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை, கன்னிசாமிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது என்று தூங்கப் போகும் வரை கைக்கு வேலை இருக்கிறது. அத்தை, டீக்கடைக்காரர், கம்பெனி சூப்பர்வைசர், சில்லறைக்குச் சண்டை போடும் பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘சாமி’. வழக்கமாகக் கடைக்குக் கூட்டிப் போகும் சிநேகிதர்களும், “சாமி மாலை போட்டிருக்கார், கூப்பிடாதே” என்று விலகிக்கொள்வார்கள். வேண்டாம் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே தேவையில்லை, கழுத்தில் கிடக்கும் துளசி மணி சொல்லிவிடுகிறது.

கழற்றினால் இத்தனையும் ஒரே நாளில் போய்விடும். கூப்பிட்ட பெயர் போச்சு, பஜனை போச்சு, சாயங்காலம் காலி. வீட்டில் எல்லோரும் மன உறுதி இல்லை என்று திட்டுவார்கள். நேற்று வரை 48 நாள் இருந்த மன உறுதி ஒரே ராத்திரியில் எங்கே போகும்?

பிரிட்டனில் 2013-லிருந்து ‘ட்ரை ஜனவரி’ என்று ஒன்று நடக்கிறது, சாமி பூஜை எதுவும் கிடையாது, ஜனவரி முழுக்கக் குடிப்பதில்லை என்று தானாக முடிவெடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இருந்தவர்களை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது பலர் முன்பைவிடக் குறைவாகவே குடித்தார்கள், கொடுத்தால் மறுக்க முடியும் என்ற நம்பிக்கையும் கூடியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே குறைக்க நினைத்து வந்தவர்கள்தான், அதனால் அந்த முடிவை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் எனக்கு உறைத்த விஷயம் வேறு. அங்கே ஒவ்வொரு தடவையும் அவர்கள்தான் மறுக்க வேண்டும், மறுத்து மறுத்துப் பழகிவிடுகிறார்கள். நம் சாமிகளுக்கு அந்தப் பழக்கத்துக்கே வாய்ப்பில்லை. மாலையைக் கழற்றினால் 48 நாள் குடிக்காமல் இருந்தவர், ஆனால் ஒரு தடவைகூட மறுத்துப் பார்க்காதவர்.

எங்கள் வேலை ஆரம்பிப்பது இங்கேதான். கீல்ஹாஃப்னர் என்ற அமெரிக்கர் 1980-ல் முன்வைத்த ஒரு மாதிரியை எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்: ஒருவர் எதை விரும்புகிறார், எந்தப் பொறுப்பிலும் பழக்கத்திலும் வாழ்கிறார், அவரால் என்ன முடியும், சுற்றிலும் என்ன இருக்கிறது, இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது சத்தியமாகப் புரியவில்லை, மாமாவைப் பார்த்துத்தான் புரிந்தது. போன வருஷம் தை மாதம் அவரோடு உட்கார்ந்து அவருடைய ஒரு நாளை மணி மணியாக எழுதிப் பார்த்தோம். கம்பெனி பஸ் இறக்கிவிடுவது கடைக்குப் பக்கத்து நிறுத்தத்தில், அங்கிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை ஒன்றும் இல்லை. ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கச் சொன்னேன். அன்னதானத்தில் சாம்பார் அவர் பொறுப்பு, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, அதனால் சனி ஞாயிறு தெரிந்த சமையல் மாஸ்டரோடு போக ஆரம்பித்தார். கூப்பிடுகிறவர்களிடம் என்ன சொல்வது என்று அத்தையும் நானும் சிநேகிதர்களாக நடித்து அவரைப் பேசவைத்தோம், அத்தை ரொம்பவே நன்றாக நடித்தார். முழுக்க விட்டுவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன், கல்யாணம், சாவு என்றால் குடிக்கிறார். தினமும் போவது நின்றிருக்கிறது.

இதைச் சம்பளத்துக்குச் செய்ய எங்களுக்கு இடம் இருக்கிறதா என்றால், அங்கேதான் எனக்குக் கோபம். நான் படித்த பட்டப்படிப்பு நாலரை வருஷம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அப்போது வெள்ளை கோட்டு உண்டு, கேஸ் பேசும்போது எங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார்கள், சீனியர் திட்டினாலும் ஒரு தெரபிஸ்டைத் திட்டுவதாகத்தான் திட்டுவார். முடித்து வெளியே வந்தால் பல இடங்களில் அந்தத் துறையில் நாம் ஒருவர்தான், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. என் தோழி ஒருத்தி ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தாள். காலையில் உடற்பயிற்சி, வருகைப் பதிவேடு, கேரம் போர்டுக்குக் காவல், அவ்வளவுதான் வேலை. வீட்டுக்குப் போகிறவர் மறுநாள் என்ன செய்யப்போகிறார் என்று அவளிடம் அங்கே யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பிசியோ மேடம் என்றே கூப்பிட, கொஞ்ச நாளில் திருத்துவதையும் விட்டுவிட்டாள். மாலை கழற்றிய சாமிக்கும் அவளுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூப்பிடவும் ஆளில்லாமல், அதற்கேற்ற வேலையும் இல்லாமல் சர்டிஃபிகேட்டை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தெரபிஸ்டாக இருக்க முடியும்? இப்போது வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

அதுவும் இந்த ஊரில்! அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தியதோடு விடாமல், அந்தக் கைகளுக்குத் தச்சு வேலை பழக்கியது இங்கேதான். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்ததும், 1966-ல் அதற்கென்றே பாகாயத்தில் ஒரு நிலையம் வந்ததும் வேலூரில்தான். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்திலும் எங்கள் தொழிலின் பெயர் இருக்கிறது. ஆகவே எங்களுக்குப் பெயர் வேண்டும் என்று புதிதாகக் கெஞ்சவில்லை. போதை மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை எடுத்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மாதங்களை அவரிடம் ஒப்படையுங்கள், கேரம் போர்டை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார். புதிதாக வந்தவரோடு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேச அனுபவமுள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கடையை மூட வேண்டுமா கூடாதா என்ற விவாதம் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்த காலத்திலிருந்து ஓடுகிறது, நான் அதற்குள் போகவில்லை. மதியம் 12 மணியிலிருந்து ராத்திரி 10 வரை கடை திறந்திருக்கும் ஊரில் ஒருவர் சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் என் கவலை.

அந்த வாசகருக்கும் குருசாமிகளுக்கும் இன்னொன்று. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று ஆரம்பித்து, முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். சாமி குத்தம் என்று கோயிலுக்குத் தூக்கிப் போகாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மாலை போட்டுவிடும் முன் “தினமும் எவ்வளவு குடிக்கிறாய்?” என்று குருசாமி ஒரு வார்த்தை கேட்டு, அதிகம் என்றால் முதலில் டாக்டரிடம் அனுப்பினால் நல்லது.

கார்த்திகை வரை காத்திருக்கத் தேவையில்லை, மாசி வாக்கில் கிறிஸ்தவர்களின் தவக்காலம் வருகிறது, அதற்காக நிறுத்துகிறவர்களும் இங்கே உண்டு. அதற்கு முன் இந்த அறிகுறிகளை உங்கள் வேலூர் பதிப்பில் பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? எழுதித்தர நாங்கள் சிலர் தயார். எங்கள் பெயர் வேண்டாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் என்று மட்டும் போடுங்கள், தயவுசெய்து பிசியோ என்று மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி