தலைக்கு ஒரு கொடி, இடுப்புக்கும் அதே கொடியா?

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) போட்டி விதிக் குழுவினருக்கு,

வணக்கம். பந்தை எறிகிற குவாட்டர்பேக்கின் தலையில் இடிப்பவருக்கு, பந்தை அவர் அணிக்கு எதிராக 15 யார்டு நகர்த்துகிற தண்டனை அதிகம் என்று சண்டை போட வரவில்லை. இன்னும் கடுமையாக்கினாலும் எனக்குச் சம்மதமே. கையை ஓங்கி, தூரத்தில் ஓடுகிற தன் ஆள் மேல் கண் வைத்து நிற்பவருக்குப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறவர் தெரியவே மாட்டார். அந்த நொடியில் அவர் தலையில் ஹெல்மெட்டால் மோதுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

என் குறை வேறு. தவறு நடந்தது என்று காட்ட நடுவர் வீசும் அந்த ஒரே மஞ்சள் கொடியை எதற்கெல்லாம் வீசுகிறீர்கள் என்பதுதான்.

2022 அக்டோபர் 9, டாம்பா. குவாட்டர்பேக் டாம் பிரேடியின் அணி 21-15 என்று முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் போல இருக்கும். அட்லாண்டாவின் கிரேடி ஜாரெட், பிரேடியின் இடுப்பை வளைத்துப் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றித் தரையில் சாய்த்தார். தலையை யாரும் இடிக்கவில்லை. கொடி விழுந்தது. 15 யார்டு, கூடவே புதிதாக முதல் டவுன், அதாவது பிரேடி அணிக்கு மறுபடி நான்கு வாய்ப்பு. அட்லாண்டாவுக்குப் பந்து திரும்பி வரவே இல்லை.

மறுநாள் ராத்திரி கான்சாஸ் சிட்டியில் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த ஊர் அணியின் கிறிஸ் ஜோன்ஸ், எதிரணிக் குவாட்டர்பேக் டெரிக் காரிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டே அவர் மேல் விழுந்தார். ஒரு கையில் பந்து, இன்னொரு கையைத் தரையில் ஊன்றப் பார்க்கிறார். முழு எடையும் மேலே விழுந்ததாம், கொடி! பந்து யாரிடம் இருந்ததோ அவருக்கே தண்டனை.

இதற்கு எதிர்ப்பக்கம் 2016 செப்டம்பர், டென்வர். அன்று கரோலினாவின் குவாட்டர்பேக் கேம் நியூட்டன் தலையில் வாங்கியது ஒன்றிரண்டு அடி அல்ல. கொடி விழுந்தது ஒரே ஒரு தடவை, கடைசி நிமிடத்தில். அதுவும் அவர் பந்தை வேண்டுமென்றே ஆளில்லாத இடத்தில் எறிந்தார் என்ற இன்னொரு தவறோடு கழிந்துபோனது. கரோலினா 21-20 என்று தோற்றது. ஆக, இடுப்பைப் பிடித்ததற்கு 15 யார்டு, தலையை இடித்ததற்கு ஒன்றுமில்லை. இதுதானா பாதுகாப்பு?

எடை விஷயத்துக்கு வருவோம். பாய்ந்து வருகிற பெரிய உடம்பு பாதி வழியில் திரும்பாது. எறிபவர் மேல் முழு எடையோடு விழக் கூடாது என்ற இதே விதியை 2018இல் நீங்கள் இறுக்கிய சில வாரங்களிலேயே, மயாமியின் வில்லியம் ஹேஸ், டெரிக் கார் மேல் எடை விழாமல் இருக்க உடம்பைத் திருப்பப் போய், தன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். அந்த சீசன் அவருக்கு அத்தோடு சரி.

வழி உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பந்தை உதைப்பவர் மேல் லேசாக மோதினால் 5 யார்டு, முரட்டுத்தனமாக மோதினால் 15 யார்டும் முதல் டவுனும். உதைப்பவருக்கு இரண்டு படி வைத்தவர்களுக்கு எறிபவருக்கு வைக்கத் தெரியாதா என்ன? எடை விழுந்தது, பந்து கையை விட்டுப் போனபின் அரை நொடி தாமதமாக மோதியது போன்றவை 5 யார்டோடு போகட்டும். தலையிலும் கழுத்திலும் பலமாக மோதினால் 15, அதை வேறு எந்தத் தவறோடும் கழிக்கக் கூடாது. அப்புறம் இந்தக் கொடியைப் பயிற்சியாளர் எதிர்த்து வீடியோவில் பார்க்கக் கேட்கும் உரிமை. ராம்ஸ் அணி 2023இல் கேட்டது, அணி உரிமையாளர்கள் தள்ளிவிட்டார்கள். கிரிக்கெட்டில் ஒரு எல்பிடபிள்யூவுக்கே பந்து எங்கே போயிருக்கும் என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். தலையில் திரும்பத் திரும்ப வாங்கிய இடிகள் மூளையைக் கெடுப்பதைக் காட்டிய மருத்துவர் பென்னட் ஒமாலு 2002இல் பரிசோதித்த மூளை குவாட்டர்பேக்குடையது அல்ல. மைக் வெப்ஸ்டருடையது. அவர் சென்டர்: பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரே நிற்பவரோடு மோதிக்கொண்டே இருந்தவர். அவர் வாங்கிய இடிகளுக்கு எந்தக் கொடியும் கிடையாது. தலையைப் பற்றித்தான் கவலை என்றால் அவர் நின்ற அந்த முன்வரிசையையும் கொஞ்சம் பாருங்கள்.

32 அணிகளில் 24 அணி கை தூக்கினால் விதி மாறிவிடும். முன்மொழிவை நீங்கள்தான் மேசையில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைகளை உங்களிடம் தொலைத்த ஒரு ரசிகன்